ரிஸ்யூம் போடுங்க மாமா

போன ஞாயிறு திருச்சிக் கல்யாணத்துக்குப் போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. காரில் பக்கத்து சீட்டில் மச்சினன்.

"டாப் மாடல் எடுத்துட்டு குரூஸ் கன்ட்ரோல் போடாம ஓட்டுறீங்களே மாமா!"

இதற்கும் சன்ரூஃபுக்கும்தானே நாமெல்லாம் மேல் வேரியண்டுக்குப் பணம் கட்டுகிறோம்? சன்ரூஃபிலாவது காக்கா எச்சம் தெரியும். செங்கல்பட்டு தாண்டி 80-ல் செட் செய்தேன்; இனி காலை எடுத்தாலும் வேகம் மாறாது. மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மச்சினன் கை தட்டினான். வேலை போன வலது காலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன காருக்கு இந்த குரூஸ் தேவையா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் அந்த லாரியை முடித்துவிடுகிறேன்.

வலது லேனில் ஒரு லாரி, இடது லேனில் ஒரு லாரி. வலது இடதை ஓவர்டேக் செய்கிறது. செய்கிறது என்றால், செய்துகொண்டே இருக்கிறது. அவர் 61, இவர் 60. பிரேக்கைத் தொட்டேன், குரூஸ் போச்சு. படாளத்தில் வலது லாரியின் மூக்கு இடது லாரியின் பின் டயருக்கு வந்தது. மதுராந்தகம் ஏரிக்கு நடு டயர். மேல்மருவத்தூரில் இரண்டு கேபினும் சரிக்குச் சரி. டிரைவர்கள் குடும்ப நலம் விசாரித்திருப்பார்கள். பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று பூ வரைந்து எழுதியிருந்தது. எழுப்பினேன். எழுதியதோடு அவர் கடமை முடிந்தது போலும். அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு மேடு. வலது லாரி மூச்சு வாங்க, இடது லாரி முன்னே போனது. மறுபடி பின் டயரிலிருந்து ஆரம்பம்.

தொழுப்பேட்டில் ஒருவழியாக இடைவெளி. "ரிஸ்யூம் போடுங்க மாமா!" போட்டேன். பழைய 80-க்குத் திரும்ப, ஐந்தாவது கியரில் 1.2 லிட்டர் இன்ஜின் முனகியது. கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தேன். மேனுவல் வண்டியில் அதற்கும் குரூஸ் போய்விடும். போச்சு. நிமிர்ந்தால், இடது லேனில் எதிர்த்திசையில் ஒரு பைக், ஹெல்மெட் முழங்கையில். அவருக்கு வழிவிட, முன்னால் போன வைக்கோல் லாரி வலதுக்கு வந்தது.

"ரிஸ்யூம், மாமா!"

இந்த குரூஸைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டினால், பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும். அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான் இதைச் செய்தார் என்பார்கள். 1958-ல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. ஒரு வக்கீலையே பொறுக்காதவரை என் மச்சினனோடு திண்டிவனம் வரை உட்கார வைத்திருக்க வேண்டும். பட்டனே இல்லாத கார் ஒன்றைச் செய்து கொடுத்திருப்பார்.

கார் புக் பண்ணப் போகிறவர்கள் கீழ் மாடலையே எடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஹாரன் மாட்டிக்கொள்ளுங்கள்.