காசியப்பனுக்கு விளம்பரம் வரவில்லை

'சீகிரியாவில் அறை வேண்டுமா? இன்றே பதிவு செய்தால் கழிவு!' காலையிலிருந்து என் கம்பியூட்டர் இதையேதான் கேட்கிறது. ஐயா, நான் குடியிருப்பதே சீகிரியாவில்தான். ஜன்னலைத் திறந்தால் கல் தெரியும். கனடாவிலிருந்து வரும் மச்சானுக்காக ஒரேயொரு தரம் அறை வாடகை பார்த்தேன். மச்சான் வந்து, என் வீட்டிலேயே தங்கி, என் கட்டிலிலேயே படுத்து, திரும்பிப் போயும்விட்டான். விளம்பரம் மட்டும் போக மறுக்கிறது. சமையல் குறிப்புப் பார்த்தால் அங்கே அறை. மரண அறிவித்தல் பார்த்தால் அங்கேயும் அறை, நீச்சல் தடாகத்தோடு.

வேவு பார்ப்பவர்களிடமிருந்து வீட்டுக் கம்பியூட்டரை எப்படிக் காப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தக் கல்லின்மேல் மாளிகை கட்டிய அரசன் காசியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை.

தகப்பன் தாதுசேனனைக் கொன்றுவிட்டு 477இல் ஆட்சியைப் பிடித்தவன். தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பியோட, இவனுக்குத் தூக்கம் போயிற்று. ஏறக்குறைய 180 மீற்றர் உயரக் கல்லின் தலையில் மாளிகை, கீழே அகழி, அகழியில் முதலை விட்டிருந்தான் என்று வழிகாட்டிகள் சத்தியம் செய்வார்கள். அதையும் தாண்டினால் மதில். மேலே ஏறச் சிங்கத்தின் வாய்க்குள் புக வேண்டும். நானும் லேசுப்பட்டவனல்ல: வைரஸ் தடுப்பு, அதற்குக் காவலாக இன்னொன்று, கமராவுக்கு மேல் பிளாஸ்டர், எனக்கே வாயில் நுழையாத கடவுச்சொல். சரி, அவனுக்கு என்ன நடந்தது? 495இல் தம்பி படையோடு வந்தபோது, இத்தனை பாதுகாப்பையும் விட்டுவிட்டுத் தானாகவே சமவெளிக்கு இறங்கினான். சேற்றைக் கண்டு அவன் யானை திரும்பியது. அரசன் ஓடுகிறான் என்று படையும் ஓடியது. தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல். அகழியை ஒருவனும் தாண்டவில்லை. சிங்கத்தை ஒருவனும் சீண்டவில்லை. இணையத்தளம் நீட்டும் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானை அமுக்குவதும் அப்படித் தானாக இறங்கிப் போகிற வேலைதான்.

அவனுக்குப் பின் வந்த சனம் இன்னும் அப்பாவி. கல்லில் ஏறும் வழியிலுள்ள கண்ணாடிச் சுவரில் பேர், ஊர், கல்லில் தீட்டிய ஓவியப் பெண்கள்மேல் கொண்ட மையல் எல்லாவற்றையும் கிறுக்கி வைத்தது. 8ஆம் நூற்றாண்டு முதல் 10 வரையிலான 685 பாடல்களைத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக்கினார். இத்தனையையும் பகிரங்கமாகக் கொடுத்த அவர்களில் ஒருவரையாவது யாரும் பின்தொடர்ந்து போய், 'அறை வேண்டுமா?' என்று கேட்டதுண்டா? நான் பார்த்தது வாடகை மட்டும்!

எங்கே விட்டேன்? கம்பியூட்டர். பிற தளத்தார் நம்மைப் பின்தொடர நம் உலாவிக்குள் வைக்கும் சிறு கோப்புகளான குக்கீகளை ஒழிப்பதாக 2020இல் கூகுள் சொன்னது. 2024 ஜூலையில் அந்த எண்ணத்தையே கைவிட்டது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. என் விளம்பரத்துக்கு அது தெரியாது போலிருக்கிறது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்குக்குள் போய் அந்தக் குக்கீகளை நீங்களே தடுத்துவிடுங்கள். குக்கீக்கு அனுமதி கேட்டுப் பெட்டி எதிரே வந்து நின்றால் 'நிராகரி' எங்கே என்று தேடி அமுக்குங்கள். அதைப் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.