லயத்துக்கு நட்சத்திரம் கேட்டு ஒரு மனு

பெறுநர்:
நட்சத்திர ஓட்டல் தர நிர்ணயக் குழு,
மத்திய சுற்றுலா அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சூரியநெல்லி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைச் சொகுசு ஓட்டலாக அங்கீகரிக்கக் கோருதல்.

ஐயா / அம்மா,

கொழுக்குமலையில் சூரியன் உதிப்பதைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்துதான் இருட்டோடு ஜீப் கிளம்பும். மலை தேனி மாவட்டத்தில், ஜீப் கேரளத்தில், நோவது விருந்தாளியின் இடுப்பில். அப்படிப் போன ஒரு குடும்பம், அடுத்த லீவுக்கு இத்தாலியில் எந்த ஓட்டல் என்று வழி நெடுக வாதாடியதாம். அப்பாவுக்கு வெனிஸில் மாவு மில்லாக இருந்த ஓட்டல். அம்மாவுக்கு அமால்ஃபி கடற்கரையில் மடமாக இருந்த ஓட்டல். மகளுக்கு மத்தேராவில் குகை.

குகையா என்று விசாரித்தோம். மத்தேராவில் ஏழைச் சனம் கோவேறு கழுதையோடும் கோழியோடும் ஒரே குகையில் குடியிருந்தது. தேசத்துக்கே அவமானம் என்று 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். 1993-இல் யுனெஸ்கோ அதே குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. இப்போது அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குளியல் தொட்டி. கழுதை கட்டிய இடத்தில் படுக்க யூரோவில் வாடகை.

ஆக, ஏழை இருக்கும்வரை அவமானம், போனபின் பாரம்பரியம். எங்களையும் கிளப்பிவிட்டு லயத்துக்கு நட்சத்திரம் கொடுப்பதற்குப் பதில், நாங்கள் இருக்கும்போதே கொடுத்துவிட்டால் உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

தகுதியைச் சொல்கிறோம். பாரம்பரிய ஓட்டல் என்றால் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. எங்கள் லயம் வெள்ளைக்கார துரை கட்டியது. பழமை கெட்டுவிடக் கூடாதென்று கம்பெனி இன்றுவரை ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை. ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு திண்ணை. தகரக் கூரைமேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் பழைய டயர், டயர் பறக்காமலிருக்கக் கல். சாரல் பிடித்தால் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்போம். அலுமினியக் குண்டான் ஒரு சத்தம், எவர்சில்வர் போசி ஒரு சத்தம், பிளாஸ்டிக் வாளி நிரம்ப நிரம்ப வேறொரு சத்தம். அறைக்குள்ளேயே நீர்நிலை, கூடவே இன்னிசை. இந்த வசதி பக்கத்து ரிசார்ட்டில் இல்லை.

வனவிலங்கு தரிசனம் இலவசம். அரிக்கொம்பன் யானை எங்கள் பக்கத்து ஆள்தான். பன்னியார் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைத்தவன். 2023 ஏப்ரல் 29-இல் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கம்பத்துக்கு இறங்கி ஊரைக் கலக்கினான், ஜூன் மாதம் களக்காட்டுக் காட்டில் கொண்டு விட்டார்கள். மாநிலம் விட்டு மாநிலம் அரசாங்கச் செலவில் மாற்று இடம் கிடைத்த ஒரே ஆள் எங்கள் சின்னக்கானல் பக்கத்தில் அவன்தான்.

செக்-இன் தாத்தா காலத்தில். செக்-அவுட், வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது. அன்றைக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். அறையைத் தக்கவைக்க விரும்பும் விருந்தினர், மகளையோ மருமகளையோ பெயர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்பலாம். படித்த பிள்ளையாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை.

பாதுகாப்பு பற்றி விண்ணப்பத்தில் ஒரு பத்தி கேட்பீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் இருந்தவர்களில் 70 பேர் போனார்கள். அந்தப் பத்தியில் என்ன எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறோம்.

மற்றபடி குறையொன்றும் இல்லை. கழிப்பறையைக் கேட்காதீர்கள், ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை அதற்காகக் குறைத்துக்கொள்ளச் சம்மதம்.

ஆய்வுக்கு ஜூலையில் வாருங்கள், மழை நன்றாகப் பிடித்திருக்கும். விறகடுப்பில் வெந்நீர் போட்டுத் தருவோம், கட்டஞ்சாயா உண்டு. முதல் தரத் தூள் கிடைக்காது, அது ஏலத்துக்குப் போய்விடும். ராத்தங்கலுக்கு மட்டும் ரிசார்ட்டிலேயே ரூம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் ஏற்கெனவே ஆறு பேர்.

இப்படிக்கு,
லயத்துக்காரர்கள்,
சூரியநெல்லி.