சுழியும் சோழியும்

பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்தவர் ஆரியபட்டர்தானே? பள்ளி விழாவில் பேச வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.
– மாணவி, அரவேணு

அப்படியே பேசினால் கைதட்டல் நிச்சயம், மார்க் சந்தேகம். பூஜ்ஜியத்தைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன என்று விதி எழுதியவர் பிரம்மகுப்தர், கி.பி. 628இல். அவரே பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதி மாட்டிக்கொண்டார். கண்ணால் பார்க்க ஆசையா? குவாலியர் கோட்டையின் சதுர்புஜர் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. நந்தவனத்தின் ஒரு பக்கம் 270 முழம், சாமிக்குத் தினம் 50 மாலை. இரண்டிலும் குட்டியாக ஒரு வட்டம். கம்போடியாவில் இன்னும் பழைய கல்வெட்டு, 683இல் வெட்டியது. அங்கே வட்டமில்லை, புள்ளி. இத்தனை கை பட்ட சரக்குக்கு ஒரே முதலாளியைத் தேடாதீர்கள்.

அப்படியென்றால் தமிழனுக்குப் பூஜ்ஜியம் தெரியாதா?
– கோபத்துடன் ஒருவர், கட்டபெட்டு

எழுத அவசியம் வரவில்லை, ஐயா. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்தே இருந்தது. அதே 270ஐ ௨௱௭௰ என்று எழுதினால் காலி இடமே இல்லை, அடைக்கச் சுழி எதற்கு? தமிழ்ச் சுழி யூனிகோடில் ஏறியதே 2005இல்தான்.

சுழி எழுதாமல் பெரிய கணக்கெல்லாம் எப்படிப் போட்டார்கள்?
– குஞ்சப்பனை வாசகர்

இதற்குத்தான் காத்திருந்தேன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் தாள் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணைகள் முழுக்கச் சொற்களாக மனப்பாடம். தலைக்குள் அட்டவணை, தரையில் நடப்புக் கணக்கு. 1825 மே 31 இரவுக் கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரத்தில் தொடக்கம் 4 நிமிடம், நடு 23, முடிவு 52 நிமிடம் பிசகியது. கோத்தகிரி பஸ் அவ்வளவு பிசகினால் நாம் புகார்கூட எழுதுவதில்லை. பூஜ்ஜியம் எங்களுடையது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இவரை ஒரு முறையாவது நினைத்திருக்கலாம்.

இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர்?
– கோத்தகிரி

வாங்கியதா, கட்டியதா? வாங்கியது, 1955இல் பிரிட்டனிலிருந்து கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு. கட்டியது டிஃப்ராக், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் முழு வேலைக்கு வந்தது. தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். நினைவகம் சுமார் 10 கிலோபைட். உங்கள் மாமா தினமும் அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜா அதில் ஏறாது.

நம் நீலகிரி மலைக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா?
– குன்னூர்

அதே டாடா நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப், ரேடியோ டெலஸ்கோப்புக்காக ஏறக்குறைய 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடி அலைந்து ஊட்டி அருகே முத்தோரையில் பிடித்தார். ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. அந்தச் சரிவில் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்கு அமைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் ஒன்பதரை மணி நேரம் ஒரு விண்பொருளைத் தொடரலாம். 1970இல் கம்ப்யூட்டர் அபூர்வச் சரக்கு. பாதிக் கணக்கை மலையே போட்டுக் கொடுத்தது.

கம்ப்யூட்டரில் 0 என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமா?
– கேர்பெட்டா

தாழ்ந்த மின்னழுத்தம் 0, உயர்ந்தது 1. கரண்டே இல்லையென்றால் அது ஆடிக் காற்று.

பசுந்தேயிலை எடை போடும் எலக்ட்ரானிக் தராசு, மூட்டையை வைக்கும் முன்பே 400 கிராம் காட்டுகிறது. ஏஜென்டிடம் சொல்லலாமா?
– சிறு விவசாயி, அரவேணு

சொல்லிவிடுங்கள். பட்டனை அமுக்கி 0 வந்த பிறகு மூட்டையை ஏற்றுங்கள். மைனஸ் 400 காட்டியிருந்தால் எனக்குக் கேள்வி வந்திருக்காது, சாலை மறியல் செய்திதான் வந்திருக்கும்.