மறுநாளும் விடிந்தது

கேள்வி: இயேசுவின் வருகைக்கும் நியாயத்தீர்ப்புக்கும் தேதி குறித்துச் சொல்கிறார்களே, நம்பலாமா?

பதில்: வில்லியம் மில்லரை நம்பியவர்களைத்தான் கேட்க வேண்டும். நியூயார்க் மாநிலத்து விவசாயி, பிறகு பாப்டிஸ்ட் போதகர். தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் வருகை என்றார். வரவில்லை. கூட இருந்தவர்கள் கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என்றார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். (பரலோகத்தில் உருளைக்கிழங்கு எதற்கு?) 23-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. சரித்திரம் அதற்கு ‘மாபெரும் ஏமாற்றம்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். ஊரெங்கும் விளம்பரப் பலகைகள். அன்று ஒன்றும் நடக்காததால் அக்டோபர் 21-க்கு ஒத்திவைத்தார், ஏதோ கோர்ட் வாய்தா மாதிரி! அடுத்த ஆண்டு, தேதி குறித்ததே பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மத்தேயு 24-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தெரிந்தவராக யாராவது வந்து காணிக்கை கேட்டால், அவர் சொல்லும் தேதிக்கு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.