ஆர்.எம்.எஸ். அண்ணன்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அக்சஸரீஸ் கடைகளில் சனிக்கிழமை சாயங்காலம் நுழைந்தால் இவரைப் பார்க்கலாம். வாங்க வந்தவர் அல்ல. வாங்க வந்தவருக்குத் துணை. நண்பர்களில் யார் காருக்கு சப்வூஃபர் வைப்பதென்றாலும் இவரைக் கேட்காமல் வைக்க மாட்டார்கள். கூட்டி வந்த பத்தாவது நிமிடம், ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று ஆகிவிடும்.

கடைப் பையன் பன்னிரண்டு இன்ச் வூஃபரின் அட்டைப்பெட்டியை எடுத்து வைப்பான். '1500 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நண்பர் மணிபர்ஸைத் தொடுவார். அண்ணன் பெட்டியைத் தூக்கித் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்.

"1500 மேக்ஸ் தம்பி. ஆர்.எம்.எஸ். வெறும் 500."

"சவுண்டு தூக்கும்ணே" என்பான் பையன்.

"எதைத் தூக்கும்?"

இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்து விற்ற காலத்தில் நம்பி வாங்கியவர் அவர். அன்றிலிருந்து, நிற்காமல் தொடர்ந்து கொடுக்க முடிகிற ஆர்.எம்.எஸ். வாட்டைத் தவிர வேறு வாட்டை அவர் மதிப்பதில்லை. அமெரிக்காவில் கார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 2003-இல் வந்த சி.இ.ஏ.-2006 அளவுகோல் அவருக்கு மனப்பாடம். 14.4 வோல்ட், 4 ஓம், கரகரப்பு 1 சதவீதத்துக்குள். இதன்படி அளந்த வாட்தான் வாட். மற்றதெல்லாம் பெட்டி அச்சடித்தவரின் கற்பனை.

அடுத்து ஓம் பாடம். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் படம் போடுவார். வூஃபருக்குள் 4 ஓமில் இரண்டு காயில். பேரலலில் இணைத்தால் 2 ஓம், சீரிஸில் இணைத்தால் 8 ஓம். அதை ஓட்டும் ஆம்ப் 4 ஓமில் 300 வாட்டும் 2 ஓமில் 500 வாட்டும் கொடுக்கும். 8 ஓமில் 150-ஐத் தாண்டாது. "ஆக, பேரலல். வூஃபர் 500 கேக்குது, ஆம்ப் 500 குடுக்குது. முடிஞ்சுது." அவருக்கு முடிந்துவிடும். நண்பர் அந்த நேரத்தில் நீல லைட் எரிகிற வேறொரு ஆம்பைத் தடவிக்கொண்டிருப்பார்.

பேச்சைக் கேட்காமல் வாங்கிப் போனவர்களும் கடைசியில் இவரிடம்தான் வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, ஈ.சி.ஆரில் எங்கோ நின்றுகொண்டு, போன் வரும். "அண்ணே, பாட்டு பாதியில நின்னுபோச்சு."

"ஆம்புல செவப்பு லைட்டா?"

"ஆமாண்ணே."

"2 ஓம் காயில் ரெண்டையும் பேரலல்ல போட்டு ஒரு ஓம் ஆக்கியிருப்ப. 2 ஓமுக்குக் கீழ தாங்காதுன்னு ஆம்ப் மேலயே எழுதியிருக்கு. ப்ரொடெக்ட்ல போயிடுச்சு. காலைல வா." போனை வைத்துவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

சின்ன ஆம்ப் போட்டால் வூஃபர் எரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் போதும், டீ ஆறிவிடும். வாட் குறைந்தால் சத்தம்தான் குறையும்; பத்தவில்லை என்று ஆம்பின் கெய்ன் ஸ்க்ரூவைத் திருகுகிறார்களே, அதில்தான் எரிகிறது. ஆம்பால் முடியாத அளவுக்கு முறுக்கும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அதே உச்சியுள்ள முழுச் சதுர அலையில், வளைந்த அலையைப் போல இரண்டு மடங்கு பவர். அத்தனையும் காயிலில் சூடாக இறங்கும். "கெய்ன் வால்யூம் இல்ல தம்பி" என்பதை இவர் சொல்லாத நாள் கிடையாது.

அதனால் கெய்னைக் காதால் வைக்க மாட்டார், மல்டிமீட்டரால்தான். டேஷ்போர்டில் பிள்ளையார், அதற்குக் கீழ் அறையில் மல்டிமீட்டர், ஆர்.சி. புத்தகம் இருப்பது நிச்சயமில்லை. 500 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6. ஆம்ப் வாயில் அந்த வோல்ட் வரும்வரை, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா காபியோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்னடா, இவ்ளோ செலவு பண்ணி ஒரு சத்தத்தையும் காணோம்?"

"ஸ்பீக்கரைக் கழட்டிட்டுதாம்ப்பா செட் பண்ணணும்."

அப்பா காபியைத் தாமே குடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான் என்பதும் இவர் ஊருக்குச் சொல்லும் புத்திமதி. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 500 வைத்திருப்பவன் 1000-க்குப் போவது காசைக் கரியாக்குவது என்பார். அவர் காரில் இருப்பது 1000. கேட்டால், "அது ஹெட்ரூமுக்கு."

ஹெட்ரூம் என்கிற அந்தக் கையிருப்புக்கு மின்சாரம் யார் கொடுப்பது? 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்பிலிருந்து 1000 வாட் வர 1250 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகச் சுரப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பாட்டில் பறை அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டும் கூடவே மங்கி எழும். எதிரே வரும் லாரிக்காரர் டிம் அடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்கு அடிப்பார். முதலில் ஒரு ஃபேரட் கெப்பாசிட்டர் வந்தது, பிறகு தடித்த செம்பு வயர், பிறகு பெரிய பேட்டரி. இப்போது ஆல்டர்னேட்டர் பற்றி வீட்டில் மெதுவாகப் பேச்செடுக்கிறார்.

டிக்கி முழுக்க வூஃபர் பாக்ஸ். பழனிக்குப் போனால் பைகள் எல்லாம் மடியில்தான். ஸ்டெப்னி அந்த பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது என்பது விழுப்புரம் தாண்டிப் பஞ்சர் ஆகும்போதுதான் குடும்பத்துக்குத் தெரிய வரும். ஸ்க்ரூவைக் கழற்றி, வயரைப் பிரித்து, எது பிளஸ் எது மைனஸ் என்று டேப் ஒட்டிக் குறித்து, பாக்ஸைக் குழந்தைபோல் இறக்கி, துண்டை விரித்து நிழலில் வைப்பார். அம்மா வெயிலில் நிற்பார். ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்று இருக்காது. பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனால், கடைக்காரர் கேட்பார்: "எத்தனை பாயிண்ட் வைக்கட்டும் சார்?"

31.6-ஐத் தசமத்தோடு சொல்கிறவர் திரும்பி மனைவியைப் பார்ப்பார்.

"முப்பத்து மூணு வைங்கண்ணா" என்பார் அந்த அம்மாள்.