கண்ணாடிக் குடிலின் கதவைத் திறப்பதா, சாத்துவதா: தக்காளி நாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம், லண்டன் ஹேரோவில் எங்கள் வீட்டுக் கொல்லை. ஆய்வுப் பொருள், அங்கே நிற்கும் ஆறடிக்கு எட்டடி கண்ணாடிக் குடிலின் கதவு. ஆய்வுக் காலம், ஏப்ரல் தொடங்கி மே கடைசி வரை. ஆய்வாளன் ஒட்டன்சத்திரத்துக்காரன். பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில் தக்காளி தானாக முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அதை 'வளர்ப்பது' என்றொரு வினைச்சொல் உண்டு என்று இங்கிலாந்து வந்த பிறகுதான் கற்றான். நெறியாளர் அம்மா, வாட்ஸ்அப் வழியாக. "ஏன்டா, தக்காளிக்கு வீடு கட்டிக் குடி வச்சிருக்கியா?" என்பது அவர் எழுப்பிய முதல் வினா.

முன்னாய்வுகள் ஏராளம். 1597இல் ஜான் ஜெரார்டு தம் மூலிகை நூலில் இந்தச் செடியின் நாற்றத்தைப் பழித்தார். 1753இல் லின்னேயஸ் இதைக் கத்தரிக்காயின் பேரினத்தில் சேர்த்து, 'ஓநாய்ப் பீச்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். மறு ஆண்டே பிலிப் மில்லர் பாகப்பிரிவினை செய்து தனிக்குடித்தனம் வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மரபணுவைப் பார்த்தவர்கள் சமாதானம் பேசி, மறுபடி கத்தரிக்காய் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள். இடையில் 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இறக்குமதி வரி விஷயத்தில் இது பழமல்ல, காய்கறிதான் என்று தீர்ப்பளித்தது. இத்தனை பேரில் ஒருவர்கூடக் கதவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1845 வரை கண்ணாடிக்கு வரி இருந்தது. அது ஒழிந்த ஆறாம் ஆண்டில், தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய ஜோசஃப் பாக்ஸ்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலேயே ஒரு மாளிகை எழுப்பிவிட்டார். பிறகு கொல்லைக்கொரு குடில் முளைத்தது, கொல்லைக்கொரு கவலையும்.

கவலையின் மூலத்தைக் கண்டவர் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர். 1909இல் அவர் இரண்டு அட்டைப்பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, வெப்பக் கதிரைத் தடுக்காமல் வெளியே விட்டுவிடும் இந்துப்புப் பலகை. நம்மூரில் வயிற்று உப்புசத்துக்குத் தேடும் அதே இந்துப்புதான். இரண்டு பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே சூடு. ஆக, குடில் கொதிப்பதற்கு முக்கியக் காரணம், கண்ணாடி கதிரைப் பிடித்துவைப்பதல்ல. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வதே. (பூமி சூடாவது வேறு கணக்கு, அங்கே கதவு கிடையாது.) கதவே பரம்பொருள் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

இனிக் களச் சான்றுகள். வசந்தத்தில் நல்ல வெயில் நாள். வெளியே 18 டிகிரி. இந்த ஊர்க்காரர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடப்பார்கள். அதே நேரம் சாத்திய குடிலுக்குள் 35ஐத் தாண்டும். நாற்று கழுத்தொடிந்து தொங்கும். அன்றிரவே வானம் தெளிந்து 3 டிகிரி. சூடேற்றாத குடிலுக்குள்ளும் அதைவிட ஓரிரு டிகிரிதான் கூட. 10க்குக் கீழே போனால் நாற்று வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு முறைக்கும். உறைபனி விழுந்தால் காலையில் கீரை மசியல். பகலில் ஒட்டன்சத்திரம், இரவில் மார்கழிக் கொடைக்கானல். இடையில் மலைப்பாதை கிடையாது, ஒரு கதவு மட்டும்.

நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவதில் இரு கலைகள் உள்ளன. பக்கத்து வீட்டுப் பெரியவர் குரங்குக்குட்டி நியாயத்தைச் சேர்ந்தவர்: கதவு திறந்தே கிடக்கும், பிழைக்கிற நாற்று தானே பற்றிக்கொள்ளும். நான் பூனைக்குட்டி நியாயம். காலையில் தட்டுத் தட்டாக வெளியே தூக்கி வைத்து, அந்தியில் உள்ளே தூக்கி வருகிறேன். நாற்றுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பத்து நாளில் நாற்றுக்கு உடம்பு தேறிற்று, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

போதாததற்கு, நாற்றின் தலையை நாள்தோறும் உள்ளங்கையால் இலேசாகத் தடவினால் நெட்டையாக ஓடாமல் குட்டையாக, தண்டு தடித்து வளரும். காற்று அசைப்பதும் இதையே செய்யும். 1973இல் மார்க் ஜாஃபி இந்த விளைவுக்கு வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார். நான் தடவிக்கொண்டிருந்ததை வீடியோ அழைப்பில் கண்ட நெறியாளர், "உன் பிள்ளை தலையை ஒரு நாளாச்சும் இப்படித் தடவியிருக்கியா?" என்று கேட்டார். வினா ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் விடை தரப்படவில்லை.

கூரைச் சன்னலுக்கு மெழுகு உருளை ஒன்று கிடைக்கிறது. வெயிலேறினால் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து சன்னலைத் தள்ளித் திறக்கும். குளிர்ந்தால் சுருங்கி மூடும். மின்சாரம் வேண்டாம். வாங்கி மாட்டினேன். நல்ல கருவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேகம் சட்டென்று விலகும், மெழுகு மெல்லத்தான் விரியும். அதற்கு உருகத் தெரிகிறது, பதறத் தெரியவில்லை. கதவுக்கு இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

அந்த ஆள் மே மாதம் எங்கும் போக முடியாது என்பது இந்த ஆய்வின் முடிவு. மாமா மகள் கல்யாணமோ மே இரண்டாம் வாரம், பழனியில். ஆகவே ஹேரோ பக்கம் இருக்கும் வாசகர் எவரேனும் ஐந்து நாள் காலை ஒன்பதுக்கு வந்து கதவைத் திறந்து, மாலை ஆறுக்குச் சாத்திவிட்டுப் போனால் புண்ணியமாகப் போகும். மேகத்துக்கெல்லாம் வர வேண்டாம். ஆகஸ்டில் ஒரு கிலோ தக்காளி தருகிறேன்.