அட்டைப் படத்துக்கு ஐந்து முகம்

1993-இல் திருச்சியில் கேசட் வெளியிடும் திட்டம் இல்லாத கல்லூரி மாணவன் இருந்தானா என்று கேட்டால், இருந்தான். அவனிடம் கேசியோ கீபோர்டு இல்லை, அவ்வளவுதான். முந்தைய ஆகஸ்டில் 'ரோஜா' படம் வந்த பிறகு விடுதியில் அறைக்கு ஓர் இசையமைப்பாளர் முளைத்திருந்தார். எங்கள் அறையிலும் முளைத்தார். ஆறு பாட்டு என்று முடிவானது. மூன்றுக்குத்தான் மெட்டு இருந்தது, அதில் ஒன்றுக்குத்தான் வரிகள் இருந்தன. எனவே உடனடியாக அட்டைப் படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம்.

கீபோர்டுக்காரனின் சித்தப்பா வீட்டில் பீட்டில்ஸின் 'அபே ரோடு' எல்.பி. இருந்தது. நான்கு பேர் வரிசையாக சாலையைக் கடக்கிறார்கள். குழுவின் பெயர்கூட முன்பக்கத்தில் கிடையாது. இதைவிடச் சுலபமாக உலகப்புகழ் அடைய வழியே இல்லை என்று தோன்றியது. 1969 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் இயன் மக்மில்லன் என்ற புகைப்படக்காரர் நடுச்சாலையில் ஏணி போட்டு ஏறி நின்று ஆறே ஆறு படங்கள் எடுத்தார். போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தலைமைத் தபால் நிலையம் அருகே அதே மாதிரி சாலையைக் கடக்கப் போன எங்களுக்கும் ஒரு போலீஸ்காரர் வாய்த்தார். அவர் வண்டிகளை விட்டுவிட்டு எங்களை நிறுத்தினார். "ஊர்வலமாடா போறீங்க? பர்மிஷன் இருக்கா?"

எங்களைப் படம் எடுக்க வந்த ஸ்டூடியோ அண்ணன் அதற்கு வருத்தப்படவில்லை. "தம்பி, எல்.பி. அட்டை சதுரம். கேசட் அட்டை நெட்டை. பத்து சென்டிமீட்டர் உயரம், அகலம் ஆறரைதான். அஞ்சு பேரும் பக்கவாட்டுல நடந்தா ரெண்டு பேர வெட்டணும். யாரை வெட்டட்டும்?" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் தபலாக்காரனைப் பார்த்தோம். அவன் அழாத குறை.

ஆளை வெட்டாமல் நெட்டையாக எடுக்க வேண்டுமானால் படிக்கட்டு வேண்டும். மலைக்கோட்டைப் படிகள் குகைக்குள் போகின்றன, வெளிச்சம் போதாது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை முடிவானது. ஐந்து பேரிடமும் பொதுவாக இருந்த ஒரே நல்ல உடை வெள்ளை வேட்டி. யார் எந்தப் படியில் நிற்பது என்பதில் நடந்த சண்டைதான் எங்கள் குழுவின் அரசியல் சாசனம். பாடகன் மேல்படி, காசு போட்டவன் அவனுக்குச் சமமாக அதே படி, தபலா தண்ணீருக்கு அருகில். வேட்டியோடு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நாங்கள் நிற்பதைப் பார்த்து ஒரு சாஸ்திரிகள் பரிவோடு வந்து கேட்டார்: "யாருக்குப்பா திதி?"

முழு ரோல் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் மிஞ்சிய ஃபிரேம்களை அண்ணன் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். அதனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் ஒரு மாநாடு. சட்டைக் காலர், தலைமுடி, மேகம் எல்லாம் சரிபார்க்கப்பட்டன. கழுவி வந்தபோது கடைசிப் படத்தில் வெளிச்சம் ஏறி ஓரமெல்லாம் செக்கச்செவேல் என்று எரிந்திருந்தது. அதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டது தபலாக்காரன் மட்டும். அவன் கண்ணை மூடாமல் இருந்த ஒரே படம் அதுதான்.

சிவகாசியில் நான்கு வண்ண ஆஃப்செட். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றே என்றார்கள். எனவே ஆயிரம் அட்டை அடித்தோம். கேசட் பதிவு செய்யக் காசு நூறுக்குத்தான் மிஞ்சியது. அட்டையில் ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. உள்மடிப்பில் எல்லோர் பெயரும், மைக் கொடுத்தவர் பெயரும், டீ கடன் கொடுத்தவருக்கு நன்றியும். பாட்டுத் தலைப்புகளைவிடப் பெரிய எழுத்தில் 0431 என்று தொடங்கும் தொலைபேசி எண். கல்யாணக் கச்சேரி வந்தால் வேண்டாம் என்றா சொல்வோம்?

இப்போது அந்தத் தபலாக்காரனின் மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் ஆல்பம் போடுகிறாள். பாட்டு இன்னும் முடியவில்லை. ஆனால் மூட் போர்டு தயார், ஷாட் லிஸ்ட் தயார், வெயில் எத்தனை மணிக்குச் சாயும் என்பதற்கு ஓர் ஆப் தயார். மக்மில்லனின் ஆறு படங்களை அவள் போன் கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துத் தள்ளுகிறது. படம் மூவாயிரத்துக்கு மூவாயிரம் பிக்சல், சுத்தச் சதுரம். அதில் போன் நம்பர் போட்டால் பாட்டுத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனமே திருப்பி அனுப்பிவிடும். அப்படிக் கறாராகச் செய்த படத்தைக் கேட்பவர் போனில் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் பார்க்கிறார். எங்கள் துவரம்பருப்பே தேவலை.

"மாமா, அப்பாகிட்ட இந்தப் படம் இருந்துச்சு. இதை ஏன் அட்டையில போடல?" என்று அவள் நீட்டியது அந்த ஓரம் எரிந்த படம். அதே சிவப்பை, அதே மங்கலை, அதே புள்ளிப் புள்ளியான சொரசொரப்பைப் புதுப் படத்தில் ஏற்ற அவள் மாதச் சந்தா கட்டுகிறாள். நாங்கள் லண்டன் மாதிரி தெரிய அரும்பாடுபட்டோம். அவர்கள் எங்களை மாதிரி தெரிய அரும்பாடுபடுகிறார்கள். ஸ்டூடியோ அண்ணன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்ட கோளாறுக்கு இன்று விலை இருக்கிறது.

ஒன்றில் மட்டும் வித்தியாசம். அவர்கள் அட்டையில் ஒரு முகமும் இல்லை. மொட்டை மாடியில் ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி. "முகம் போட்டா சீப்பா இருக்கும் மாமா." வாசித்தவர்கள் பெயரோ பாட்டுக்கு உள்ளே எங்கேயோ ஒரு பக்கத்தில். அதைத் தட்டித் திறந்து பார்த்த ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை.

எங்கள் கேசட்டை ஓடவிட இன்று வீட்டில் கருவி இல்லை. இருந்தாலும் கேட்கத் தகுந்த பாட்டு அதில் ஒன்றுதான். ஆனால் அட்டையைப் பிரித்தால் யார் பாடினார், யார் தபலா, யார் மைக் கொடுத்தார் என்று இன்றும் தெரிகிறது. ஆகவே, ஆல்பம் போடப்போகும் பிள்ளைகளே, நாற்காலி இருக்கட்டும். அதில் யாராவது உட்காருங்கள். தபலாக்காரன் கண்ணைத் திறந்திருக்கிற படமாகப் பார்த்துப் போடுங்கள்.